பச்சைப் பட்டன் அக்கா

அந்த ஆஃபீஸில் அக்காவுக்கு இரண்டு வேலை. ஒன்று, டீ போடுவது. இன்னொன்று, அங்கே செய்கிற எதுவும் வெளி உலகத்துக்குப் போகலாமா கூடாதா என்று சொல்வது. முதல் வேலைக்கு அவரே தேடி வந்தார். இரண்டாவது வேலை அவரைத் தேடி வந்தது. அது வந்த விதத்தை அவர் வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் நம்பவில்லை. கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு செய்தித்தாளைப் புரட்டினார்.

பஸ் டிக்கெட் விற்கும் ஆஃபீஸ் அது. பஸ் அங்கே ஒன்றுகூடக் கிடையாது. மாடியில் ஒரு நீள அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், கோடியில் தடுப்புக்குப் பின்னால் டீ போடுகிற பேன்ட்ரி. அந்தப் பிள்ளைகள் எழுதும் கோட் என்கிற கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் ஊரெல்லாம் போனில் திறந்து, சீட்டு பார்த்து, டிக்கெட் எடுக்கிறது. எழுதி முடித்ததும் அது ஒரு குழாய்க்குள் விழும். குழாய் என்றால் கண்ணால் பார்க்கிற குழாய் இல்லை, பேச்சுக்கு அப்படி. உள்ளே ஒன்றன் பின் ஒன்றாகச் சோதனை நடக்கும். எல்லாம் தேறினால் கடைசியில் ஒரு கதவு. கதவு திறந்தால் கிளவுட் என்கிற மேகத்துக்குப் போய்விடும். மேகம் என்பதும் பேச்சுக்குத்தான், எங்கோ ஏசி போட்ட அறையில் இருக்கும் மெஷின்கள் அவை. ஒருநாள் நல்ல மழை. "இப்ப அனுப்பினா நனையாதா?" என்று அக்கா விளையாட்டாகக் கேட்டார். நாலு பேர் கையில் டீயோடு நின்று, அது ஏன் நனையாது என்று அரை மணி நேரம் விளக்கினார்கள். அவர்கள் முகம் வாடக் கூடாதே என்று அவரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆரம்பத்தில் கதவில் பூட்டு இல்லை. ஒரு தடவை ஏதோ தப்பு மேகம் வரைக்கும் போய், ஒரு பஸ்ஸில் எல்லாரையும் டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டது. முதலாளிகள் ஒரு தணிக்கைக்காரரை அனுப்பினார்கள். அவர் ஒரு விதி போட்டார். கதவைத் திறக்கச் சொல்கிறவர் இந்த ஆஃபீஸில் ஒரு வரி கோட்கூட எழுதியிருக்கக் கூடாது. எழுதினவனுக்குத் தன் எழுத்தின் மேல் பாசம் இருக்கும், பாசம் இருந்தால் தப்பு தெரியாது என்று அவர் கணக்கு. புது ஆளாகவும் இருக்கக் கூடாது, ஒரு வருஷமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். யார் யார் தகுதி என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டு அவர் போய்விட்டார்.

மெஷின் பார்த்தது. அங்கே எல்லாருமே எழுதியிருந்தார்கள். முந்தைய வருஷம் ஆஃபீஸின் பிறந்தநாள் அன்று, ஆளுக்கு ஒரு வரி எழுதினால்தான் கேக் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கணக்குப் பார்க்கிற அம்மா எழுதினார், வாட்ச்மேன் எழுதினார், ஏசி ரிப்பேருக்கு வந்தவர்கூட ஆசைப்பட்டு எழுதிவிட்டுப் போனார். அக்கா மட்டும் எழுதவில்லை. அவர் பேன்ட்ரியில் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

இப்படியாக, அக்காவின் டீ அடுப்புக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பா இருந்த தட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. சோதனை தேறினால் திரையில் ஒரு பச்சைப் பட்டன் எழும். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அதை அழுத்த வேண்டும். அந்த ஒரு கம்ப்யூட்டரில் அழுத்தினால்தான் செல்லும், வேறு எதிலும் செல்லாது. ஈரம் படாமல் இருக்க மவுஸுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தார்கள்.

அக்கா அஞ்சாம் வகுப்பு. திரையில் ஓடும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் பிடிபடாது. ஆனால் எந்தக் காரியத்தையும் ஆண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்குகிற வழக்கம் அவரிடம் இல்லை. அதனால் பட்டனுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பேன்ட்ரி வாசலில் நிற்கிற பிள்ளை மூச்சுவிடக் கூடாது என்று எப்படியோ ஒரு சட்டம் உண்டாகிவிட்டது. ஒரு தடவை வேண்டுதலுக்கு நடுவில் ஒருவன் தும்மிவிட்டான், அன்று சாயங்காலம் டிக்கெட் பக்கம் படுத்துவிட்டது. அதற்கப்புறம் சளி பிடித்தவன் கோட் அனுப்புவதில்லை.

குழாயைக் கட்டிக் காப்பவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைப் பைப்லைன் என்றே கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். அக்காவுக்கு அவர் தம்பி. என்ன போகிறது என்பதை அவர்தான் வாசித்துச் சொல்வார். ஒருநாள், மெஷினுக்குள் தாய் வேலை முடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை வேலைகளைக் கொல்வது என்று வாசித்தார். அக்கா கையை எடுத்துவிட்டார். பிள்ளையைக் கொல்கிற காரியத்துக்குத் தன் விரல் வராது என்று சொல்லிவிட்டார். தம்பி தலைகீழாக நின்று பார்த்தார். கடைசியில் அதைப் பிள்ளையைத் தூங்க வைப்பது என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். அதற்கு மட்டும் அக்கா இரண்டு தடவை அழுத்தினார்.

இந்தப் பெருமையெல்லாம் மகள் உண்டாகும் வரைக்கும்தான்.

மகளைக் கொடுத்திருந்தது பஸ்ஸில் அரை நாள் தூரத்து ஊரில். மாமியார் கிடையாது, மாப்பிள்ளை ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஜாதி. முதல் பிரசவம். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் அம்மாதான் என்று மகள் நாலாம் மாதத்திலேயே முடிவு கட்டிவிட்டாள். தினமும் போனில் அவளுக்கு அதே பேச்சு.

"உன் பட்டன் முக்கியமா, நான் முக்கியமா?"

"என்ன கேள்விடி இது. வந்துடுவேன் கண்ணு."

"வருவே, வருவே. பேரனுக்குக் கல்யாணம் ஆகுறப்ப வருவே."

அக்கா லீவு கேட்டார். மேனேஜர் உடனே கொடுத்தார், நல்ல மனுஷர். லீவு கொடுத்த பிறகுதான், அக்கா போய்விட்டால் கதவை யார் திறப்பது என்று அவருக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அனுப்புகிறவர்கள். இடைவிடாமல் அனுப்புவதுதான் எங்கள் தொழில் என்று முதலாளிகளிடம் மார்தட்டியிருந்தார் அவர். புது ஆள் போடலாம் என்றால் ஒரு வருஷம் ஆக வேண்டும். சரி, விதியையே மாற்றிவிடலாம் என்று பைப்லைன் உட்கார்ந்து மாற்றினார். அந்த மாற்றமும் குழாய்க்குள்தான் விழ வேண்டும். விழுந்து, சோதனையெல்லாம் தேறி, கதவுக்கு வந்தது. அங்கே மெஷின் மறித்தது. அனுமதி கொடுப்பவர், தன் அனுமதியைப் பற்றிய விதியைத் தானே அனுமதிக்கக் கூடாது. தணிக்கைக்காரர் அதையும் யோசித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் ரிட்டயர் ஆகி மலை ஏறப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை.

ஆக, அக்காவை விடுவிக்க அக்காவின் அனுமதி வேண்டும், அதை அக்கா கொடுக்கக் கூடாது. மேனேஜர் இதைக் கண்ணாடிப் பலகையில் படம் போட்டு அவருக்கு விளக்கினார். நாலைந்து அம்புக்குறிகள் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் டீ கிளாஸ் படத்தில் முட்டிக்கொண்டு நின்றன. டாக்டர் சொன்ன தேதிக்குள் ஏதாவது வழி பண்ணிவிடுகிறேன் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்தார். அக்கா சாமி படத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டார். அதற்கு மேல் அவர் கையில் என்ன இருக்கிறது.

வயிற்றில் இருந்த பிள்ளைக்கு டாக்டர் சொன்ன தேதி தெரியாது. பத்து நாளைக்கு முன்னாலேயே, ஒரு நண்பகலில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அக்கா டீக்குப் பால் வைத்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை போன் பண்ணினார். ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், முதல் பிரசவம், ராத்திரி ஆகலாம் என்கிறார்கள், நீங்கள் உடனே கிளம்புங்கள் அத்தை என்றார். பின்னால் மகளின் குரல் கேட்டது. அவள் பேசவில்லை, கூப்பிட்டாள்.

அக்கா பையை எடுத்தார். அதே நேரத்தில் மேனேஜர் பேன்ட்ரிக்கு ஓடி வந்தார். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றுக்கொண்டிருக்கிறது, சாயங்கால பஸ்ஸெல்லாம் அடிதடியில் போய் நிற்கும், திருத்தம் எழுதியாகிவிட்டது, குழாய்க்குள் சோதனையில் இருக்கிறது, வந்ததும் ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுப் போய்விடுங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

அக்கா நின்றார். சோதனை ஓடியது. முக்கால்வாசி வந்து சிவப்பாகி விழுந்தது. மறுபடி ஓட விட்டார்கள், மறுபடி விழுந்தது. கடிகாரத்தையும் அடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. அவருடைய பஸ் கிளம்ப அதிக நேரம் இல்லை. இதை விட்டால் அந்த ஊருக்கு அடுத்தது விடிந்த பிறகுதான். அவர் அழவில்லை. ஆனால் தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். அதைப் பார்க்கத்தான் பைப்லைனுக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நீங்க ஒரு வரி எழுதுங்க."

"எனக்கு என்ன தம்பி எழுதத் தெரியும்?"

"எதையாவது எழுதுங்க. எழுதினா நீங்களும் கோட் எழுதின ஆள். உங்களுக்குத் தகுதி போயிடும். மெஷின் உங்களை விட்டுரும்."

மேனேஜர் குறுக்கே வந்தார். தகுதி உள்ள ஆள் ஒருத்தரும் இல்லாமல் போனால் கதவு என்ன செய்யும் என்று கேட்டார். அப்படி ஒரு நிலைமை வந்தால் மேனேஜரிடம் கேட்கும் என்றுதான் தனக்குத் தோன்றுகிறது என்றார் பைப்லைன். தோன்றுகிறது என்ற சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது திரையில் திறந்திருந்த ஃபைல் டிக்கெட் பக்கத்துடையது. அதையே அக்காவின் முன்னால் வைத்து, தமிழ் எழுத்துகளையும் வரவழைத்துக் கொடுத்தார் பைப்லைன். முதலில் இரண்டு சாய்வுக் கோடு போடுங்கள், அப்புறம் என்ன எழுதினாலும் மெஷின் அதைக் கண்டுகொள்ளாது, எழுதி முடித்ததும் இந்த விசையை அழுத்துங்கள் என்று காட்டிவிட்டு, சிவப்பான சோதனையைப் பார்க்க ஓடினார்.

எதை எழுதினாலும் தாளின் தலையில் முதலில் ஒரு குறி போட்டு, அப்புறம் கீழே இறங்கி எழுதுவது அக்காவின் பழக்கம். கடைக்குச் சீட்டு எழுதினாலும் அப்படித்தான். அதனால் இரண்டு சாய்வுக் கோட்டை மேலே தனியாகப் போட்டார். அடுத்த வரிக்கு இறங்கினார். பொய்யாக எதையும் எழுத மனம் வரவில்லை. போகிற அவசரத்தில் இவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. எழுத்தெழுத்தாகத் தேடி, அடுப்பில் பால் இருக்கிறது, மறக்காமல் அணைக்கவும் என்று எழுதினார். கண்ணை மூடித் திறந்தார். விசையை அழுத்தினார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

சாய்வுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தால்தான் மெஷின் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். கீழே எழுதியதை அது சிரத்தையாக எடுத்துக்கொண்டது. கதவும் மேனேஜரிடம் கேட்கவில்லை. கேட்க ஆளே இல்லை என்றால் தடுக்கவும் ஆள் இல்லை என்பது அதன் தீர்மானம். திறந்துகொண்டது. இந்தத் தடவை சோதனையில் தேறிய சீட்டுத் திருத்தம் போனது, கூடவே அக்காவின் வரியும் போனது. ஊரில் யார் தங்கள் டிக்கெட்டைத் திறந்தாலும் பெயருக்கு மேலே, சீட்டு நம்பருக்கும் மேலே, கொட்டை எழுத்தில் வந்து நின்றது: அடுப்பில் பால் இருக்கிறது. மறக்காமல் அணைக்கவும்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. பஸ்ஸைப் பிடித்தாயிற்று, ஜன்னல் ஓரம். கண்டக்டர் டிக்கெட் பார்க்க வந்தார். எல்லாரும் போனைத் திறந்தார்கள். முன் சீட்டில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"நான் பால் வச்சது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பால் வைத்தாளா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. ஆனால் அத்தனை பெரிய கம்பெனி காரணம் இல்லாமல் சொல்லுமா. அவள் இறங்கினாள். பின்னால் ஒரு குடும்பம் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே இறங்கியது. நீ அணைக்கலையா, நீதானே கடைசியா வந்தே என்று அது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. காலையிலிருந்து பாலே வாங்காத ஒருவர், அப்படியானால் பக்கத்து வீட்டில் இருக்கும் என்று இறங்கினார். மற்றவர்கள் வீட்டுக்குப் போன் போட்டார்கள். யாரும் எடுக்காத வீடுகளெல்லாம் எரிந்துகொண்டிருப்பதாகவே ஆகிவிட்டது.

பக்கத்துச் சீட்டுப் போனில் தன் வரியைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றார்.

"யாரும் பயப்படாதீங்க. அது நான் எழுதினது. எங்க ஆஃபீஸ் அடுப்பு."

கண்ணாடி போட்ட ஒருவர் திரும்பிப் பார்த்தார். "டிக்கெட்ல நீங்க எழுதினீங்களா? அங்க உங்களுக்கு என்னம்மா வேலை?"

"டீ போடுவேன். அப்புறம், எல்லாத்துக்கும் அனுமதி கொடுப்பேன்."

கண்ணாடிக்காரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இருவரும் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இந்த நிலைமையில் இருக்கிற கம்பெனியை நம்பி இத்தனை தூரம் போக முடியாது என்று கீழே நின்று சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்டு மிச்சம் இருந்தவர்களும் இறங்கினார்கள். கடைசியில் கண்டக்டரே விசிலைக் கழற்றினார். வீட்டில் யாருமில்லை, மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், காலையில் பால் வைத்தது நினைவிருக்கிறது, எடுத்தது நினைவில்லை என்று டிரைவரிடம் ஓடிப் போய்ச் சொன்னார்.

டிரைவர் அசையவில்லை. "எனக்கு வீடும் கிடையாது, அடுப்பும் கிடையாது. ஹோட்டல் சாப்பாடு. வண்டி நேரத்துக்கு எடுப்பேன்" என்றார். ஆனால் விசில் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது, அது அவர்கள் விதி. கண்டக்டர் சுற்றிப் பார்த்தார். பஸ்ஸில் அடுப்பைப் பற்றிய கவலை இல்லாமல் உட்கார்ந்திருந்தது அக்கா ஒருவர்தான். விசிலை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினார்.

அக்கா விசிலைப் பார்த்தார். இறங்கிப் போன அத்தனை பேர் வீட்டு அடுப்பும் அணைந்தே இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார். தன்னால் அவர்களுக்கு ஒரு நாள் வீணானதற்கு மன்னிப்பும் கேட்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "ஊதுங்கம்மா, போகலாம்" என்றார். ஊதினார். காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தடவை சத்தம் வந்தது. விசில் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

காலி பஸ். வழியில் எந்த ஊரிலும் இறங்க ஆள் இல்லை. ஏற வேண்டியவர்கள் டிக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஏறாமலே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஓர் ஊரிலும் நிறுத்தவில்லை. நடுவில் பைப்லைன் போன் பண்ணி, வரியை எடுத்துவிட்டோம், ஆனால் ஏற்கனவே திறந்த போன்களில் அப்படியேதான் நிற்கும், மேனேஜர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், பால் பொங்கி வழிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடுப்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள் தம்பி என்றார் அக்கா.

இருட்டுவதற்கு முன்னாலேயே ஊர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போய் நின்றிருந்தார். ராத்திரி ஆகலாம் என்றவர்கள் இப்போது அவசரப்படுத்துகிறார்கள், உள்ளே துணைக்கு ஆள் இல்லை என்றார். அக்கா பையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். நர்ஸ் மறித்தார். நான் அவள் அம்மா என்றதும் நகர்ந்துகொண்டார்.

மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள். வலி ஒரு சுற்று வந்து போகும் வரைக்கும் பேச முடியவில்லை.

"இருட்டினப்புறம்தானே பஸ் வரும்? எப்படி வந்தே?"

"வழியில நிக்கவே இல்ல கண்ணு. எல்லாரும் முன்னாடியே இறங்கிட்டாங்க."

"ஏன்?"

"அவங்க அவங்க அடுப்புல பால் இருக்காம்."

"யார் சொன்னது?"

அக்கா அவள் நெற்றியைத் துடைத்தார். "நான்தான்."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அம்மாவின் கழுத்தில் தொங்கிய விசிலை அவள் அப்போதுதான் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பும் வலியும் ஒன்றாக வந்து அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிற நேரமா இது, முக்கும்மா என்று நர்ஸ் அதட்டினார். அவள் சிரித்துக்கொண்டே முக்கினாள். அக்கா கையை அவளிடம் விட்டுவிட்டு, கண்ணை மூடக்கூடத் தோன்றாமல், பார்த்துக்கொண்டே நின்றார். குழந்தை வந்து விழுந்து, வீல் என்று கத்தியது.